வரைபின் தலைப்பைப் பாவனையாளரே மாற்ற: ஷைனியும் ஜிஜிப்ளாட்டுமா, ப்ளாட்லியா?

தேயிலைக் கொழுந்து நிறையையோ மழைவீழ்ச்சியையோ காட்டும் செயலியில், வரைபின் தலைப்பு, அச்சுப் பெயர், தோற்றம் மூன்றையும் பாவனையாளர் கையில் விட்டுவிடும் தேவை மலையகத்தில் கொஞ்சம் அதிகம். தோட்டத்துக் கூட்டத்துக்குத் தமிழில் போகும் அதே வரைபு கம்பனிக்கு ஆங்கிலத்திலும் பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்திலும் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் நிரலைத் திறந்து திருத்திக்கொண்டிருக்க முடியாது.

வழிகள் இரண்டு. ஆர் என்ற நிரல் மொழியில் வலைச் செயலி செய்ய உதவும் ஷைனியில் எழுத்துப் பெட்டியும் தெரிவுப் பட்டியலும் வைத்து, ஜிஜிப்ளாட்2 என்ற வரைபுப் பொதி சேர்வரில் வரைந்த படத்தை அனுப்புவது ஒன்று. ப்ளாட்லி என்ற நூலகத்தைக்கொண்டு வரைபைப் பிரவுசரில் வரையவிட்டு, ‘எடிட்டபிள்’ அமைப்பைத் திறந்து, தலைப்பைத் தொட்டே திருத்தவிடுவது மற்றது. நாங்கள் எடுத்தது முதலாவது.

ப்ளாட்லியில் ஒரே வரி அமைப்போடு வேலை முடியும். புள்ளியைத் தொட்டால் அன்றைய கிலோ தெரியும். தமிழைப் பிரவுசரே கோப்பதால் ‘கொ’வும் ‘கௌ’வும் உடையாது. நூலகம் 3 எம்பியைத் தாண்டுவதால், சிக்னல் தேயும் இடத்தில் முதல் தடவை திறக்க மட்டும் பொறுமை வேண்டும். ஆனால் திருத்தம் பிரவுசரோடு நின்றுவிடும். தோட்டப் பிரிவை (டிவிசனை) மாற்றியதும் வரைபு புதிதாக வர, எழுதிய தலைப்பு போய்விடும். பாவனையாளரின் திருத்தத்தைக் காக்கும் ‘யூஐரிவிஷன்’ மதிப்பை மாறாமல் வைத்தால் ஓரளவு தாங்கும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது எழுத்துரு. ப்ளாட்லியில் அது பார்ப்பவரின் கருவியில் இருக்கிறது: விண்டோஸில் லதா அல்லது நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. எழுத்தின் அகலம் மாறுவதால், அலுவலகக் கணினியில் ஒரே வரியில் நின்ற தலைப்பு போனில் விளிம்போடு வெட்டுப்படும். கேமரா பொத்தானில் இறக்கும் படமும் அப்படியே வரும். அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்கு அது உதவாது.

சேர்வரில் வரைந்தால் எழுத்துரு செயலியோடு கூடவே போகும். நோட்டோ சான்ஸ் தமிழின் சாதாரண, தடித்த கோப்புகள் இரண்டையும் செயலியின் கோப்புறையில் போட்டு, சிஸ்டம்ஃபான்ட்ஸ் பொதியின் ‘ரெஜிஸ்டர்_ஃபான்ட்’ மூலம் பெயர் கொடுங்கள். தடித்ததைப் பதியாவிட்டால் தலைப்பும் தடிக்காது. படம் வரையும் ராக் பொதி நிறுவியிருந்தால் ஷைனி தானாகவே அதைக்கொண்டு வரையும். எழுத்துகளைச் சரியாகக் கோப்பது அதுதான். இறக்கும் படத்துக்கும், படத்தைச் சேமிக்கும் ‘ஜிஜிசேவ்’வில் அதையே கொடுத்து, 16 × 10 சென்டிமீட்டர், 300 டிபிஐ என்று வையுங்கள். எழுத்துருப் பிரச்சினை என்றதும் பலர் ஷோடெக்ஸ்ட் பொதியைக் கைகாட்டுவார்கள். ஆங்கிலத்துக்கு நல்லதுதான். தமிழில் ஒவ்வொரு குறியையும் தனித்தனியே வைப்பதால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பைத்தன் மொழியின் வரைபு நூலகமான மேட்ப்ளாட்லிப்பிலும் நீண்ட காலமாக இதே குறை இருந்தது. சிங்களத்துக்கும் இதே கதிதான்.

தோற்றப் பட்டியலில் ‘மினிமல்’, ‘பிடபிள்யூ’, ‘கிளாசிக்’ மூன்று போதும். பெயருக்கு நேராக அந்தந்தச் செயற்கூறை வைத்த பட்டியலாகவே எழுதுங்கள். பாவனையாளர் அனுப்பும் சொல்லை நிரலாக ஓடவிடுவது ஆபத்து. வரிசையும் முக்கியம்: தெரிந்தெடுத்த தீம் (தோற்றம்) முதலில், எழுத்துருவும் அளவும் அதற்குப் பின். மாற்றி எழுதினால் முழுத் தீம் எழுத்துருவை அழித்துவிடும். தமிழ் எழுத்துரு இல்லாத லினக்ஸ் சேர்வரில் தலைப்பு சதுரக் கட்டங்களாக வரும். பெட்டி வெறுமையாக இருந்தால் வெற்றுச் சரத்தை அனுப்பாமல், மதிப்பே இல்லை என்று சொல்லும் ‘நல்’லை அனுப்புங்கள். இல்லாவிட்டால் தலைப்பு இல்லாமலே இடம் மட்டும் ஒதுங்கி நிற்கும்.

ஒவ்வொரு விசைக்கும் புதுப் படம் போகாமல் தட்டுவது நிற்கும்வரை காத்திருக்கும் ‘டிபவுன்ஸ்’ 600 மில்லிசெக்கன் வைக்கவேண்டும். சிக்னல் மோசமான இடத்துக்கு ‘வரை’ என்றொரு பொத்தானே மேல். பழைய வேர்ட் கோப்பிலிருந்து, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் உள்ளதை ஒட்டுகிறவர்களும் இருப்பார்கள். ஆங்கில எழுத்துக் குவியல்தான் வந்து விழும். தமிழ் தெரிவாகியிருந்தும் பெட்டியில் ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துகூட இல்லையென்றால் எச்சரிக்கை காட்டினால் போதும்.

ஷைனியின் பலவீனம் தொடர்பு அறுவது. திரை சாம்பலாகி, எழுதியது போய்விடும். புக்மார்க் வசதியை முகவரி முறையில் இயக்கி, அதன் பொத்தானை அழுத்தினால் பெட்டிகளில் இருப்பது முகவரிக்குள் சேமிக்கப்படும். அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 இடம் பிடிப்பதால் முகவரி அனுமார் வால்போல நீளும்.

பைத்தன்காரருக்கு ஷைனிபோன்ற ஸ்ட்ரீம்லிட் உண்டு. அதில் எங்கள் பழக்கம் குறைவு. ஒன்றை மட்டும் சொல்லலாம். ப்ளாட்லி வரைபுக்கு அது தன் சொந்தத் தோற்றத்தைப் போட்டுவிடும். ‘தீம்’ மதிப்பை ‘நன்’ (எதுவும் இல்லை) ஆக்கினால்தான் பாவனையாளர் தெரிந்த தோற்றம் தெரியும்.

திரையில் மட்டும் பார்க்கும் வரைபுக்கு ப்ளாட்லியே நல்லது. அப்போதும் ‘எடிட்டபிள்’லை மூடிவிட்டு, தலைப்பை ஷைனிப் பெட்டியிலிருந்தே கொடுங்கள். ஜிஜிப்ளாட் வரைபை ‘ஜிஜிப்ளாட்லி’ மூலம் ப்ளாட்லிக்கு மாற்றுவதாக இருந்தால் துணைத்தலைப்பும் அடிக்குறிப்பும் விழுந்துவிடும். தரவின் மூலத்தைச் சொல்லும் வரி பெரும்பாலும் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கும்.