பிசி12 செல்களோடு நான்கு வருடம்

பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் நான்கு வருடமாக பிசி12 செல்களை வளர்க்கிறேன். எலியின் அட்ரினல் சுரப்பிக் கட்டியிலிருந்து கிரீனும் டிஷ்லரும் 1976-இல் பிரித்தெடுத்த செல்வரிசை. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமினைத் தானே செய்து நுண்பைகளில் அடைத்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியத்தைக் கூட்டினால் கால்சியம் உள்ளே பாயும், பைகள் திறந்து கொட்டும். நரம்பு வளர்ச்சிக் காரணியை ஒரு வாரம் கொடுத்தால் மெல்லிய விழுதுகளும் விடும். அந்த அழகுக்காகவே வளர்க்கலாம்.

தொல்லையும் உண்டு. தட்டில் சரியாக ஒட்டாமல் கொத்துக் கொத்தாகத் திரளும். கொலாஜன் பூச வேண்டும், 22 கேஜ் ஊசியில் இழுத்துவிட்டுத் திரளை உடைக்க வேண்டும். தைப்பூசத்தன்றும் இவற்றுக்கு விடுமுறை கிடையாது; தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கி நேராக ஆய்வகத்துக்குப் போயிருக்கிறேன்.

நான் பார்ப்பது, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் டோபமினை எப்படி வெளியேற்றுகின்றன என்பதை. செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் ஏற்பி மரபணு வழியாகப் போகும், மணிக்கணக்கில் ஆகும். செல் உறையை ஒட்டியிருப்பது அப்படியில்லை. எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் நானோமோலார் என்ற மிகச் சிறிய அளவில் பட்டாலே சில நிமிடங்களிலேயே டோபமின் வெளியே வந்துவிடும்.

படித்தபோது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் முதல் எட்டு மாதம் ஹார்மோன் போட்ட தட்டும் போடாத தட்டும் ஒரே மாதிரி எண்களையே காட்டின. என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து ஆய்வக அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, சிராப் தண்ணி மாதிரி இருக்கு? சிவப்பு மீடியத்திலயா இதைச் செய்றீங்க?" என்று கேட்டார்.

சிக்கல் அங்கேதான். மீடியத்துக்கு, அதாவது செல் வளரும் திரவத்துக்கு, சிவப்பு தருவது பீனால் ரெட் என்ற சாயம். அது ஈஸ்ட்ரோஜன் போல லேசாக வேலை செய்யும் என்பது 1986-லேயே வெளிவந்த செய்தி. போதாததற்கு, நாங்கள் ஊற்றிய குதிரை சீரத்திலும் (இரத்தத்தின் தெளிநீர்) ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் இருந்தன. எங்கள் 'ஹார்மோன் இல்லாத' தட்டு ஹார்மோனில்தான் ஊறிக் கிடந்திருக்கிறது!

நிறமற்ற மீடியத்துக்கும் கரித்தூளால் ஸ்டீராய்டு நீக்கிய சீரத்துக்கும் மாறினோம். இரண்டாவது வாரமே வித்தியாசம் தெரிந்தது. ஃபுல்வெஸ்ட்ரான்ட் என்ற மருந்து போட்டு ஏற்பியை அடைத்தால் அந்த வித்தியாசம் குறைந்தும் போனது. அப்புறம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஏற்பியின் வேலையைப் பழக இந்தச் செல்வரிசையைத் தாராளமாக வாங்கலாம், விலையும் உழைப்பும் தகும். மூளை நரம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று எழுத மட்டும் இதை நம்பாதீர்கள். பிறப்பால் இது அட்ரினல் செல்.

நிறமற்ற மீடியத்தில் ஒரு சங்கடம்: அமிலம் ஏறினால் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. போன மாதம் ஒரு தட்டு முழுக்க அப்படித்தான் போனது.