ஷிஃப்ட் கேபிள்: திருகிச் சமாளிப்பதா, மாற்றிவிடுவதா?

ஸ்டெர்ன்டிரைவ் படகை (இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லரைச் சுற்றும் ‘டிரைவ்’ அலகு பின்புறம் வெளியே இருக்கும் வகை) கரை சேர்க்கும்போது, கியரை நியூட்ரலுக்கு எடுத்ததும் இன்ஜின் அணைந்துபோகிறதா? பெரும்பாலானோர் முதலில் கார்புரேட்டரில் கை வைப்பார்கள், ஐடிலைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். மெர்க்ரூசர் நிறுவனத்தின் ஆல்ஃபா ஒன் டிரைவாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கியர் மாற்றும் ஷிஃப்ட் கேபிளைத்தான்.

இதில் கேபிள்கள் இரண்டு. மேல் கேபிள், ஓட்டுநர் பிடிக்கும் லீவரிலிருந்து இன்ஜின் மேலுள்ள ஷிஃப்ட் பிளேட் (இரண்டு கேபிள்களும் இணையும் தகடு) வரை வரும். கீழ்க் கேபிள் அங்கிருந்து படகின் பின்சுவரான டிரான்ஸம் வழியாக வெளியேறி, பெல்லோஸ் எனும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்க்குள் நுழைந்து டிரைவைச் சேரும். மேல் கேபிளுக்கு உலர்ந்த வாழ்க்கை. கீழ்க் கேபிள் தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்து, படகு திரும்பும்போதும் டிரைவை ஏற்றி இறக்கும்போதும் வளைந்து வளைந்து நிமிர வேண்டும். உறை வெடித்தால் உள்ளே ஈரம் புகும், கம்பி துருப்பிடிக்கும், இழுவை கனக்கும்.

இழுவை கனத்தால் இன்ஜின் ஏன் அணைய வேண்டும்? ஆல்ஃபாவில் இருப்பது டாக் கிளட்ச், அதாவது பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் கிளட்ச். சுமையோடு கோத்துக்கொண்ட பற்கள் சும்மா இழுத்தால் பிரியாது. அதனால் லீவரை இழுக்கும்போது எதிர்ப்பு அதிகமானால், ஷிஃப்ட் பிளேட்டில் உள்ள ஒரு சிறு ஸ்விட்ச் கண்ணிமைக்கும் நேரத்துக்கு இக்னிஷனைத் துண்டிக்கும். சுமை விடும், பற்கள் கழலும், இன்ஜின் மறுபடி பிடித்துக்கொள்ளும். இறுகிய கேபிளின் எதிர்ப்பையும் அந்த ஸ்விட்ச் பற்களின் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. துண்டிப்பு நீள்கிறது, இன்ஜின் நின்றேவிடுகிறது. ஐடிலை ஏற்றினால் இந்த அறிகுறி மறையலாம். ஆனால் கியர் விழும்போது பற்கள் இன்னும் வேகமாக மோதிக்கொள்ளும். சிலர் ஸ்விட்சையே கழற்றிவிடுகிறார்கள். அது அதைவிட மோசம்.

மெர்க்ரூசரின் இன்னொரு வகையான பிராவோ டிரைவில், கூம்பு வடிவப் பரப்புகள் உரசிப் பிடிக்கும் கோன் கிளட்ச் என்பதால் இந்த அணைந்துபோகும் நாடகம் பொதுவாக இருக்காது. லீவர் மட்டும் கனக்கும். அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. கேபிள் முழுத் தூரம் நகராவிட்டால் கோன் சரியாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும்.

சரி, திருகிச் சமாளிப்பதா, மாற்றுவதா? முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஷிஃப்ட் பிளேட்டில் இரண்டு கேபிள்களையும் பிரித்துவிடுங்கள். லீவரை அசைத்தால் மேல் கேபிள் தனியாக இலகுவாக ஓட வேண்டும். அப்புறம் கீழ்க் கேபிளைக் கையால் தள்ளி இழுங்கள்; இன்னொருவர் புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றிக்கொடுக்கட்டும். இரண்டும் இலகுவாக ஓடி, கியர் மட்டும் சரியாக விழவில்லை என்றால், பிழை அளவில்தான். அட்ஜஸ்ட்மென்ட் போதும். ஆல்ஃபாவில் கீழ்க் கேபிளில் உள்ள ‘பேரல்’ எனும் சிறு பித்தளை உருளையின் நடுவிலிருந்து முனை மாட்டும் துளை வரை 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. இருக்க வேண்டும். கண்ணளவில் விடாதீர்கள்.

கேபிள் இறுகியிருந்தால் எந்தத் திருகலும் உதவாது. உள்ளே எண்ணெய் விடலாமே என்பவர்களுக்கு: இவ்வகைக் கேபிள்களின் உட்புறம் வழுக்கும் பிளாஸ்டிக் பூச்சு கொண்டது, எண்ணெய் ஊற்றிப் பராமரிக்கும்படி செய்யப்பட்டதல்ல. நான்கு நாள் இலகுவாகலாம். துரு அப்படியேதான் இருக்கும். ஒன்று மட்டும் கவனம். டிரைவுக்குள் இருக்கும் ஷிஃப்ட் ஷாஃப்ட் இறுகியிருந்தாலும் இதே கனம் தெரியும். டிரைவைக் கழற்றிய பிறகு கேபிளை இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

மாற்றுவதென்றால் இரண்டையும் மாற்ற வேண்டுமா? தேவையில்லை. மேல் கேபிள் இலகுவாக ஓடினால் விட்டுவிடுங்கள். புதிய மெர்க்ரூசர்களில் மின்னணு லீவர் வந்து மேல் கேபிளே இல்லாமல் போனாலும், இன்ஜினிலிருந்து டிரைவுக்குப் போகும் கேபிள் அங்கும் இருக்கிறது.

கெட்ட பிறகு மாற்றுவதா, முன்கூட்டியே மாற்றுவதா என்பதில்தான் என் கருத்து உறுதியானது. இந்த வேலையில் கேபிளைப் பிடுங்கிச் செருகுவது சிறு பகுதி. டிரைவைப் படகிலிருந்து கழற்றி இறக்கி, மறுபடி ஏற்றுவதுதான் பெரும்பகுதி. ஆகவே பெல்லோஸ் மாற்ற டிரைவை இறக்கும்போதே, கேபிளுக்கு வயதாகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அதேபோல் கேபிளுக்காக இறக்கினால் பழைய பெல்லோஸை மறுபடி போடாதீர்கள். ஷிஃப்ட் கேபிள் பெல்லோஸ் கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும்.

கம்பெனிக் கேபிளா, வெளிக் கேபிளா? பெல்லோஸில் நல்ல வெளித் தயாரிப்புகளை ஏற்றுக்கொள்வேன். கேபிளில் மாட்டேன். மிச்சமாகும் தொகை, டிரைவை இன்னொரு தடவை இறக்கும் உழைப்புக்கு ஈடாகாது. எதை வாங்கினாலும் பெட்டியில் பெல்லோஸ், கிளாம்ப், சீல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கேபிள் மட்டும் வரும் பெட்டிகளும் உண்டு.

சொந்தமாகச் செய்வதா, மெக்கானிக்கிடம் விடுவதா? கேபிள் நட்டைத் திருக, பக்கவாட்டில் பிளவுள்ள நீள சாக்கெட் வேண்டும். டிரைவைத் தாங்க ஜாக்கியோ இன்னொரு ஆளோ வேண்டும். இன்ஜின் டிரைவுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பியும் வேண்டும். இவை கைவசம் இருந்து, கையேட்டை வரிவரியாகப் பின்பற்றும் பொறுமையும் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆல்ஃபா டிரைவை முன்னோக்குக் கியரில் வைத்துக் கழற்ற வேண்டும், பிராவோவை நியூட்ரலில். புதுக் கேபிளை உள்ளே இழுக்கும்போது கூர்மையாக மடியாமல், சூடான எக்ஸாஸ்டிலும் சுழலும் பாகங்களிலும் படாமல் கொண்டுபோங்கள். படகு நிற்கும் காலங்களில் டிரைவை மேலே தூக்கி வைக்காமல் முழுக்கத் தாழ்த்தியே வைத்தால், புதிதாகப் போட்ட பெல்லோஸ் இழுபடாமல் இருக்கும்.