மூன்று வருஷ அலுமினியம் பாட்டில் ஸ்டாண்டும் கையில் ஒட்டும் கருப்பும்

தங்கச்சி மகன் கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறான். வாங்கிய மறுநாளே போன். "மாமா, பாட்டில் ஸ்டாண்டு எது மாட்டட்டும்? கடையில அலுமினியம்தான் நல்லதுங்கிறாங்க." அவசரப்பட்டு வாங்கிவிடாதே, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவனுக்காக எழுத உட்கார்ந்தது இது.

எது பொருந்தும் என்ற கவலை வேண்டாம். இந்த மாதிரி சைக்கிள்களில் கீழ்ப் பாரில் ஸ்டாண்டுக்கென்றே இரண்டு துளை இருக்கும், இடைவெளி 64 மில்லிமீட்டர், எம்5 போல்ட் (5 மில்லிமீட்டர் கனம்), 4 எம்.எம். எல்-கீ போதும். எந்தக் கம்பெனி ஸ்டாண்டும் உட்காரும். போல்ட்டில் மட்டும் ஒரு சொட்டு கிரீஸ் தடவி மாட்டச் சொல். மழையில் துருப்பிடித்து இறுகிவிட்டால், கழற்றும்போது பாருக்குள் இருக்கும் நட்டும் சேர்ந்து சுற்றும், அப்புறம் பெரிய வேலை.

என்னுடையது அலுமினியம், கருப்புப் பெயின்ட் அடித்தது. மூன்று வருஷமாக மதுரையில் தினமும் மூன்றுமாவடியிலிருந்து கோரிப்பாளையம் ஆபீசுக்கு, ஞாயிற்றுக்கிழமை எதிர்த்திசையில் அழகர்கோவிலுக்கு. அதைப் பற்றி நல்லதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கையில் வைத்தால் எடையே தெரியாது. துரு கிடையாது. பிடி தளர்ந்தால் கட்டைவிரலால் லேசாக உள்பக்கம் அழுத்தினால் திரும்ப இறுகிக்கொள்ளும். கடச்சனேந்தல் தாண்டி, அப்பன்திருப்பதி, கள்ளந்திரி என்று எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம், ஒருநாள்கூட பாட்டிலைக் கீழே போட்டதில்லை. முக்கால் லிட்டர் சைக்கிள் பாட்டில், 74 மில்லிமீட்டர் குறுக்களவு, அதன் கழுத்துப் பள்ளத்தில் ஸ்டாண்டின் நாக்கு போய் 'டக்' என்று உட்காரும். ஓட்டிக்கொண்டே, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். இதெல்லாம் உண்மை.

ஆனால் அந்தக் கருப்பு.

புதுசில் தெரியாது. ஏழெட்டு மாதத்தில் பாட்டில் உரசும் இடங்களில் பெயின்ட் போய் உள்ளே வெள்ளைக் கம்பி தெரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு பாட்டில் ஆடும்போதெல்லாம் அலுமினியம் பொடிப்பொடியாகத் தேயும், அதோடு ரோட்டுத் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கும். அந்தப் பொடிதான் கருப்பு. பளபளவென்று இருக்கிற உலோகத்திலிருந்து பென்சில் கரி மாதிரி வருகிறதே என்று முதலில் நம்பவே இல்லை, செயின் எண்ணெய்தான் எங்கோ படுகிறது என்று செயினைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தேன். பாட்டிலின் இரண்டு பக்கமும் கோடுகோடாக, தண்ணீர் குடித்த கையெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி. அந்தக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தால் நெற்றியில். சட்டைப் பையில் போனை எடுத்தால் பையின் ஓரத்தில். வெள்ளைச் சட்டையில் பட்டால் சாதாரண சோப்புக்குப் போகாது.

சட்டையோடு போயிருந்தால்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். போன வருஷம் இவன் அக்கா கல்யாணம். தாய்மாமன் நான், சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைப்பதில் பாதி என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படியும் அந்தப் பக்கம் போகிறோமே என்று கள்ளந்திரியில் பெரியப்பா வீட்டுப் பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் இறங்கி இரண்டு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனேன். பெரியம்மா தட்டு எடுத்து வந்தார், வெற்றிலை பாக்கு வைத்து அதன் மேல் பத்திரிகையை வைத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அதில் ஒரு மூலையில், மஞ்சளுக்கு மேலேயே, என் கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு கோடும் தெரிகிற அளவுக்குக் கருப்பாகப் பதிந்திருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் அந்த மூலையை ஒருமுறை துடைத்தார், கருப்பு மஞ்சளோடு இழுபட்டு இன்னும் பெரிதானது. "பரவாயில்லப்பா, கைய கழுவிட்டு வா, காப்பி சாப்பிடலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

திரும்பி வந்த அன்றே பழைய டியூபை வெட்டிக் கம்பியில் சுற்றினேன். சுற்றிய பிறகு பாட்டில் உள்ளேயே போகவில்லை, இழுத்து இழுத்துத்தான் வெளியே வந்தது. சரி என்று மெலிசாக இன்சுலேஷன் டேப் சுற்றினேன். கத்திரி வெயிலில் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நின்ற வண்டியில் டேப் நழுவி, பசை மட்டும் கம்பியில் தங்கி, அதில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசம். பாட்டிலைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பதும் செய்து பார்த்தாயிற்று. ஒரு நாள் தாங்கும்.

நடுவில் ஆறு மாதம் பிளாஸ்டிக் ஸ்டாண்டு மாட்டியிருந்தேன். அதையும் நேர்மையாகச் சொல்கிறேன். அப்பன்திருப்பதி பக்கத்தில் இரண்டு தடவை பாட்டிலை உருட்டி விட்டது, ஒருமுறை பின்னால் வந்த பைக்காரர் ஒதுங்கித் தப்பினார். வெயிலில் வெளிறியது. கடைசியில் போல்ட் இருக்கும் இடத்தில் மயிரிழை மாதிரி கீறல் விட்டு, ஒரு வேகத்தடையில் இரண்டாக உடைந்தது. அதனால்தான் திரும்பவும் பழைய அலுமினியத்தையே மாட்டினேன், இப்போதும் அதுதான் வண்டியில் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மாதமும் கை சுத்தமாக இருந்தது. அழகர்கோவிலில் கீழே சைக்கிளைப் பூட்டிவிட்டு மலை மேலே நடந்து போய் நூபுர கங்கைத் தீர்த்தத் தண்ணீரை அதே பாட்டிலில் பிடித்து வந்து அம்மா கையில் கொடுப்பேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அலுமினியம் காலத்தில் அதை ஒரு துணியில் சுற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே மாப்ள, பிளாஸ்டிக்கே வாங்கு. கடைக்காரர் சொல்வதில் தப்பில்லை, பிடிமானத்தில் அலுமினியம்தான் மேல், விலையும் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் வேண்டாம். கீறல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை போல்ட் பக்கம் பார், பள்ளத்தில் மெதுவாகப் போ, ஒரு வருஷத்தில் உடைந்தால் இன்னொன்று வாங்கித் தருகிறேன். எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வை, இந்த ஞாயிற்றுக்கிழமை எல்-கீயோடு வருகிறேன்.