ஏஎம்4-ஆ, ஏஎம்5-ஆ? கேமிங் கணினிக்கு எந்த சாக்கெட்?

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ப்ராசஸர் என்று முடிவாகிவிட்டால் அடுத்த குழப்பம் சாக்கெட்தான், அதாவது மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம். ரைசனுக்கு ஏஎம்4, ஏஎம்5 என்று இரண்டு சாக்கெட். ஒன்றின் ப்ராசஸர் மற்றதில் உட்காராது.

ரேம்: ஏஎம்4-க்கு டிடிஆர்4 வகை ரேம் மட்டும், ஏஎம்5-க்கு அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 மட்டும். கையில் நல்ல டிடிஆர்4 இருந்தால் செலவுக் கணக்கே மாறிவிடும். வாங்கும் முன் இதைத்தான் முதலில் பாருங்கள்.

கூலர் (ப்ராசஸரைக் குளிர்விப்பது): ஏஎம்4 கூலர்கள் பல ஏஎம்5-இலும் பொருந்தும். போர்டின் பின்தகட்டைக் கழற்றிவிட்டு வேறு தகடு மாட்டும் வகை பொருந்தாது.

ஆயுள்: ஏஎம்4 2016-இல் வந்தது, ஏஎம்5 2022-இல். ஏஎம்5-க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்கிறது ஏஎம்டி.

கிராஃபிக்ஸ் கார்டு இரண்டிலும் ஓடும்.

சரி, எதை எடுப்பது? பி450 என்ற பழைய ஏஎம்4 போர்டு இருந்தால் பயாஸைப் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து ரைசன் 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் போடுங்கள், அருமையாக ஓடும். எல்லாமே புதிதாக வாங்குபவர்களுக்கு ஏஎம்5.