செம்மண்ணுக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே மோட்டார்: சுங்கை சிப்புட்டில் எந்த ஸ்கிராம்ளர் சரி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். அவற்றுக்குள் குலை ஏற்றும் லோரிகள் போய்வரும் செம்மண் பாதைகள். லிந்தாங், லாசா பக்கம் போனால் மலையடிவாரம் வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் வளர்கிற பிள்ளைகளுக்கு மண்பாதையில் ஓடும் ஸ்கிராம்ளர் மோட்டார்மீது ஆசை வருவதில் வியப்பில்லை. நழுவுகிற மண்ணில் வண்டியை நிமிர்த்தி ஓட்டுவது உயர்ந்த கலை என்பதே என் எண்ணம். அதைக் காலித்தனம் என்று பெரியவர்கள் ஒதுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிக்கல் மண்ணில் இல்லை, மண்ணுக்குப் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது. லயத்து வாசலில் மோட்டாரை உதைத்துக் கிளப்பியதும் தோட்டப் பாதையில் இறங்கிவிடலாம் என்பது அப்பாக்களின் காலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலில் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பிற்பாடு பல தோட்டங்களின் இடத்தில் தாமான்கள் என்னும் குடியிருப்புகள் எழும்பின. இன்று அந்தத் தாமானிலிருந்து தோட்ட வாசல்வரை தார்ச்சாலை, அது பொதுச்சாலை. மோட்டார் வாங்கும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்தச் சில கிலோமீட்டரைத்தான்.

நம் ஊர்க்காரர் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. பந்தய ஸ்கிராம்ளருக்கு விளக்குப் பூட்டிச் சாலையில் ஓட்டுவது ஒன்று. அதையே பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போவது இன்னொன்று. சாலைக்கென்றே பதிவான, மண்ணிலும் ஓடும் இருபயன் மோட்டார் வாங்குவது மூன்றாவது. வீட்டில் நிற்கும் கப்சாய் என்னும் சிறிய மோட்டாருக்குச் சேற்று டயர் மாட்டுவது நான்காவது.

முதலாவதைத்தான் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். "முன்விளக்கு, சிக்னல், கண்ணாடி, ஹார்ன் எல்லாம் போட்டுவிட்டால் போதாதா, அண்ணே?" போதாது. யமஹா ஒய்இசட்250எஃப், கேடிஎம் 250 எஸ்எக்ஸ்-எஃப் போன்றவை பந்தயத் தடத்துக்காக மட்டும் செய்யப்பட்டவை. நம் நாட்டில் சாலையில் ஓடும் ஒரு மாடல் முதலில் வாகன வகை அங்கீகாரம் பெற வேண்டும். அதன் பிறகே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அதைப் பதிந்து கிரான் என்னும் பதிவுப் பத்திரம் கொடுக்கும். கிரான் இல்லாத வண்டிக்குச் சாலை வரி கிடையாது, காப்புறுதி கிடையாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. கடையில் வாங்கிய விளக்கு எதுவும் அந்தச் சங்கிலியில் விட்டுப்போன கண்ணியை ஒட்டிவிடாது.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்கக் காணொளிகளில், விளக்கும் கண்ணாடியும் ஹார்னும் சாலை முத்திரை உள்ள டயரும் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் எண் பலகை வாங்கி வருகிறார்கள். அரிசோனா போன்ற மாநிலங்களில் அது உண்மையிலேயே நடக்கிறது. அதே நாட்டின் கலிபோர்னியாவில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, அந்தக் காணொளியை நம்பி ஈப்போ சாலையில் இறங்குவது சரியாகாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் இயந்திரமே ஒத்துழைக்காது. பந்தய மோட்டாரில் எஞ்சின் எண்ணெய் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதை மாற்றுவதும் பிஸ்டன் மாற்றுவதும் கிலோமீட்டர் கணக்கில் அல்ல, ஓடிய மணிக்கணக்கில். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவதற்காக அந்த எஞ்சின் வடிவமைக்கப்படவில்லை. அதன் மின்னாக்கி தீப்பொறிக்கும் எரிபொருள் செலுத்தலுக்கும் மட்டும் போதுமான அளவில் இருக்கும். நல்ல முன்விளக்கு ஒன்றை எரிக்கத் திணறும். 1992 செப்டம்பரிலிருந்து பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு ஓட்டவேண்டிய நாடு இது. இதற்கெல்லாம் மேலே சைலன்சர் சத்தம். மோட்டார் வாகன இரைச்சலுக்கென்றே 1987 முதல் தனி விதிமுறைகள் இருக்கின்றன. அந்தச் சத்தத்தில் கைக்குழந்தை விழித்து அழும் வீட்டுக்கு விதிமுறை எண்கூடத் தேவையில்லை.

சிலர் வேறொரு மோட்டாரின் எண் பலகையைக் கழற்றிப் பந்தய வண்டியில் மாட்டிவிடுகிறார்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: இது குறுக்குவழி அல்ல, குற்றம். சாலைத் தடுப்புச் சோதனையில் சட்டக எண்ணைக் கிரானோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். சம்மன் ஒருபுறம், வண்டி பறிபோவது ஒருபுறம். எனக்குப் பெரிய கவலை வேறு. அந்த வண்டி ஒரு பள்ளிப் பிள்ளையை இடித்துவிட்டால், சிகிச்சைச் செலவுக்கு எந்தக் காப்புறுதியும் முன்வந்து நிற்காது. தோட்டத்து வருமானத்தில் வாழும் இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் கடனாளி ஆகும்.

பிக்கப் வழி நேர்மையானது. பந்தய மோட்டாரின் எடை சுமார் 106 கிலோதான். இரண்டு பேர் சேர்ந்து ஹைலக்ஸ் ஒன்றின் பின்னால் ஏற்றி, பட்டையால் முன்போர்க்கை இறுக்கிக் கட்டிவிடலாம். மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் பந்தயங்களில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் இதுதான் வழி. பிக்கப் வைத்திருக்கும் நண்பர் இல்லாதவருக்குச் செலவு தாங்காது.

இருபயன் மோட்டாருக்கு வருவோம். கவாசாகி கேஎல்எக்ஸ்150, கேஎல்எக்ஸ்230, ஹோண்டா சிஆர்எஃப்300எல் ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பேச்சு அடிபடுவது இவற்றைச் சுற்றித்தான். மூன்றும் பார்வைக்கு ஒரே குடும்பம்: உயரமான இருக்கை, நீண்ட சஸ்பென்ஷன், ஏழு எட்டு லிட்டர் கொள்ளும் சிறிய டாங்கி. ஓட்டிப் பார்த்தால் மூன்றும் மூன்று குணம்.

கேஎல்எக்ஸ்150-இன் எஞ்சின் 144 சிசி, காற்றால் குளிர்வது, ஐந்து கியர். பெரிய சக்கரம் கொண்ட பிஎஃப் வகையில் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம். எடை 118 கிலோ அளவில். மண்ணில் விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்தலாம், தோட்டத்தில் இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை. கார்புரேட்டர் என்பதால் எந்தப் பட்டறையிலும் திறந்து சுத்தம் செய்துவிடுவார்கள். 150 சிசிக்குள் அடங்குவதால் தீபகற்பத்தில் ஆண்டுச் சாலை வரி 2 ரிங்கிட் மட்டுமே. குறை என்னவென்றால் வேகம். ஈப்போவுக்குப் பழைய கூட்டரசுச் சாலையில் போக இது போதும். விரைவுச்சாலையில் மோட்டாருக்குக் கட்டணம் இல்லை என்பதற்காக மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் இதை விரட்டினால், பின்னால் வரும் லோரிதான் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு நிற்கும்.

கேஎல்எக்ஸ்230 நடுவில் நிற்கிறது: 233 சிசி, எரிபொருள் செலுத்தல், ஆறு கியர். சாலை வரி 50 ரிங்கிட். பி2 உரிமம் 250 சிசிவரை செல்லும் என்பதால் இதற்கும் அதே உரிமம் போதும். இருக்கை உயரம் முதல் தலைமுறையில் 885 மில்லிமீட்டர். நம்மில் பலருக்கு நின்றால் நுனிக்கால்தான் எட்டும். சமநிலத்தில் பரவாயில்லை. சேற்றுப் பள்ளத்தில் ஒரு காலை ஊன்றவேண்டிய நொடியில் அந்த உயரம் ஆளைக் கவிழ்க்கும். வாங்குவதற்கு முன் கடையில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிப் பாருங்கள்.

சிஆர்எஃப்300எல் மூன்றிலும் தேர்ந்த இயந்திரம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 286 சிசி, நீரால் குளிர்வது, விரைவுச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தை அலட்டாமல் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் 250 சிசியைத் தாண்டிவிட்டதால் பி2 உரிமம் செல்லாது. சாலை வரி 100 ரிங்கிட். எடை 142 கிலோ. வாரம் முழுவதும் ஈப்போவில் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்குப் போகிறவருக்கு இது பொருந்தும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் மண் வண்டியாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வண்டி ஓட்டுநரின் தவறுகளை வேகத்தால் மறைத்துக்கொண்டே போகும். அவனும் கற்றுக்கொள்ளாமலே வளர்வான்.

பிரேக்கைப் பற்றி ஒன்று. 2025 ஜனவரி முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஈரத் தார்ச்சாலையில் அது உயிர் காக்கும். சரளை இறக்கத்திலோ பின்சக்கரத்தில் ஏபிஎஸ் வேலை செய்தால் வண்டி நிற்காமல் உருளும். வாங்கும் மாடலில் பின்பக்க ஏபிஎஸ்ஸை அணைக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

கப்சாயை நான் கேலி செய்ய மாட்டேன். பால்மரம் வெட்டப் போனவர்களையும் செம்பனையில் குலை அறுக்கப் போனவர்களையும் இத்தனை காலமாகச் சேற்றில் சுமந்தது ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி வண்டிகள்தான். பதிவு, காப்புறுதி, உதிரிபாகம் எதிலும் தலைவலி இல்லை. இரண்டு காலும் தரையில் நன்றாகப் படியும். சேற்றில் நடந்தபடியே தள்ளிவிடலாம். முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தால் ஏற்றத்தில் இழுவை கூடும். தடை எங்கே வருகிறது என்றால், கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. வழுக்கும் மேட்டில் சக்தியை இழை இழையாக விடமுடியாது. முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடைவெளி குறைவு. பெரிய ரப்பர்க் கட்டைகள் கொண்ட டயர் மாட்டினால் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரமே பூட்டிக்கொள்ளும். மிதமான தடம் வெட்டிய டயரை மாட்டுங்கள். தோட்டத்து லோரிப் பாதைக்கு அது தாராளம், லாசாவுக்கு அப்பால் உள்ள மலைப்பாதைக்குப் போதாது.

கையில் காசு குறைவாக உள்ள இளைஞருக்குக் கிரான் தெளிவாக உள்ள பழைய கேஎல்எக்ஸ்150. அதற்கும் முடியாவிட்டால் வீட்டுக் கப்சாயிலேயே இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பழகட்டும். 230-க்கும் 300-க்கும் அவசரம் இல்லை.

டயரில் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய கட்டைகள் கொண்ட பந்தய டயர் மண்ணைக் கவ்வும். மழை பெய்த தார்ச்சாலையில் தரையைத் தொடுவது அந்தக் கட்டைகளின் உச்சி மட்டுமே. வளைவில் கட்டைகள் மடங்கும்போது வண்டி நெளியும். நம் பயணத்தில் சாலைப் பங்கு அதிகம் என்றால் சாலைக்கும் மண்ணுக்கும் பாதிக்குப் பாதி வகை டயரே போதும். மண்ணில் இறங்கும்போது காற்றைக் குறைப்பவர்கள் கைப்பம்பு வைத்திருக்க வேண்டும். குறைந்த காற்றோடு தார்ச்சாலைக்குத் திரும்புவது ஆபத்து. தலைக்கவசம் மோட்டோகிராஸ் வடிவத்தில் இருக்கலாம், ஆனால் சிரிம் தர முத்திரை இருக்க வேண்டும். கண்ணாடியையும் எண் பலகையையும் மண்ணுக்காகக் கழற்றிவிட்டு அப்படியே வீடு திரும்புகிறவர்கள் உண்டு; மடக்கும் கண்ணாடி வாங்கினால் கழற்றவே வேண்டாம்.

தோட்டத்துக்குள் நுழையும் உரிமை தனி விஷயம். சட்டம் சொல்லும் 'சாலை'யில் பொதுச்சாலையும் பொதுமக்கள் போய்வரும் பிற சாலைகளும் அடங்கும். தனியார் தாமே வைத்துப் பராமரிக்கும் தனிச்சாலை அடங்காது. இதைக் கேட்டதும் தோட்டத்துக்குள் எதையும் ஓட்டலாம் என்று துள்ளுகிறார்கள். முதலாவதாக, அது கம்பெனி நிலம்; மேனேஜர் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். இரண்டாவதாக, உள்ளே கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்து, ஊரே போய்வரும் பாதையாக இருந்தால் அதைத் தனிச்சாலை என்று நீங்களாகவே முடிவுகட்ட முடியாது. பதிவான மோட்டாரில் போகிறவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. அனுமதி கேட்கும்போது கிரானையும் காப்புறுதியையும் காட்ட முடிந்தவருக்கு வாசல் திறப்பது எளிது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் வண்டியைப் பகலில் பாருங்கள். ஸ்டியரிங் தலைப்பகுதியில் பொறித்த சட்டக எண்ணையும் எஞ்சின் மீதுள்ள எண்ணையும் ஒரு துணியால் துடைத்து, கிரானில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, தீர்ந்ததற்கான கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். விற்பவரோடு ஜேபிஜே அலுவலகம் சென்று கைரேகை வைத்துப் பெயர் மாற்றியபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். "ஓட்டிக்கொண்டிரு, பெயரைப் பிறகு மாற்றலாம்" என்பவரிடம் வாங்காதீர்கள். எண் பொறித்த இடத்தில் அரம் தேய்த்த தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தால், விலை பாதியாக இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.