ஸ்பெயினில் செனகல்காரர், கொலம்பியர்: யாருக்கு எது எளிது?

“இருவருமே பிழைக்க வந்தவர்கள்தானே, என்ன வித்தியாசம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே இருக்கிறது.

நுழைவு: கொலம்பியருக்கு 2015 முதல் 90 நாள் வரை விசா வேண்டாம். செனகல்காரருக்கு வேண்டும். கிடைக்காத பலர் மீன்பிடிப் படகில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளுக்குக் கிளம்புகிறார்கள். எத்தனையோ பேர் கரை சேர்வதில்லை.

குடியுரிமை: கொலம்பியர் 2 ஆண்டு சட்டப்படி வசித்தாலே விண்ணப்பிக்கலாம். செனகல்காரருக்கு 10 ஆண்டு, கூடவே ஸ்பானிஷ் தேர்வு. கொலம்பியா ஸ்பெயினின் பழைய காலனி என்பதால் தரும் சலுகை இது. எனக்கு அநியாயமாகவே படுகிறது.

வேலை: கொலம்பியரில் பலர் முதியோர் பராமரிப்பிலும் ஹோட்டல்களிலும். செனகல்காரரில் பலர் தெற்கு ஸ்பெயினில் உள்ள அல்மேரியாவின் பிளாஸ்டிக் கூடார வெக்கையில் காய் பறிக்கிறார்கள். ஆவணம் இல்லாதவர்களுக்குத் தெருவோர வியாபாரம். விரிப்பின் நான்கு மூலையிலும் கயிறு, போலீஸ் தலை தெரிந்தால் ஒரே இழுப்பில் மூட்டை.

ஆதரவு: இதில் செனகல்காரர் கைதான் ஓங்கியிருக்கிறது. செனகலின் முரீது என்ற இஸ்லாமிய சூஃபி மரபைச் சேர்ந்த தஹிரா குழுக்கள் புதிதாக வந்தவருக்குக் கைகொடுக்கும், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டும். பார்சிலோனாவில் 2015இல் தெரு வியாபாரிகள் தங்களுக்கென்று சங்கமே அமைத்தார்கள்.

சீக்கிரம் சட்டப்படி காலூன்ற கொலம்பியப் பாஸ்போர்ட்தான் வசதி. கையில் காசில்லாமல் முதல் சில மாதங்களைத் தாண்ட வேண்டுமென்றால், செனகல்காரர்களின் கூட்டுறவுக்கு ஈடில்லை.