கார்ட், காசு, கடைசிப் புடவை: பிஎச்பி, நோட், ஜாங்கோ எங்கே காலை வாரும்?

24 நிமிடம். இரண்டு வாரம். சர்வரை அடுத்த தடவை ரீஸ்டார்ட் செய்யும் வரை.

வாடிக்கையாளர் கார்ட்டில் போட்டு வைத்த பொருளை சர்வர் எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கும்? சர்வர் நிரல் எழுத உதவும் பிஎச்பி, ஜாங்கோ (பைத்தான் மொழியில்), நோட் (ஜாவாஸ்கிரிப்ட் மொழியில்) மூன்றும், எந்த செட்டிங்கையும் தொடாமல் விட்டால், வரிசையாகத் தரும் பதில்கள்தான் மேலே உள்ளவை. (நோட் என்று இங்கே சொல்வது அதன் மேல் ஓடும் எக்ஸ்பிரஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கையும், அதாவது ஆயத்த நிரல் கட்டமைப்பையும், அதனுடன் வழக்கமாகச் சேர்க்கும், வருபவரை ஞாபகம் வைக்கும் செஷன் பேக்கேஜையும்.) ஆன்லைன் கடைக்கு எதில் சர்வர் எழுதலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "எது வேகம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஆர்டர் வரும் கடைக்கு மூன்றுமே தேவைக்கு மேல் வேகம். அதனால் நான் வேகத்தை விட்டுவிட்டு, அசந்த நேரத்தில் எது எங்கே காலை வாரும் என்றுதான் பார்ப்பேன்.

முதலில் கார்ட். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஐந்து நொடி முன்பு வந்தவரே திரும்ப வந்தாலும் அதற்குப் புது ஆள்தான். 1994-ல் நெட்ஸ்கேப் பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி, பிரவுசரில் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பான குக்கீயைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். எம்சிஐ நிறுவனத்துக்கு ஒரு ஆன்லைன் வணிகத் திட்டம்; பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க அந்த நிறுவனத்துக்கு விருப்பமில்லை. இன்று எல்லோரும் திட்டிக்கொண்டே 'ஏற்கிறேன்' பட்டனை அழுத்தும் குக்கீ, ஒரு ஷாப்பிங் கார்ட்டுக்காகப் பிறந்தது! இப்போதெல்லாம் குக்கீயில் பெரும்பாலும் ஒரு டோக்கன் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு உரிய பொருள் பட்டியல் சர்வரில் இருக்கும். சர்வரில் எங்கே என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பிஎச்பி அதை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். 1440 நொடி தொடப்படாமல் கிடந்தால் அது குப்பை, எப்போது வேண்டுமானாலும் கூட்டித் தள்ளப்படலாம். மதியம் புடவையைக் கார்ட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன அம்மா திரும்பி வந்தால் கார்ட் காலி. பிஎச்பியின் லாரவெல் ஃப்ரேம்வொர்க் இதை 120 நிமிடமாக்கி வைத்திருக்கிறது. கடைக்கு அதுவும் போதாது. ஜாங்கோ டேட்டாபேஸில் ஒரு டேபிளில் வைக்கும், ஆயுள் 14 நாள். கடைக்காரர் கேட்பதற்கு இதுதான் பக்கத்தில் வருகிறது. எக்ஸ்பிரஸ் செஷனோ எல்லாவற்றையும் சர்வரின் மெமரியில் வைத்திருக்கும். உண்மையான தளத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல் விட்டால், சின்ன எழுத்துப்பிழையைத் திருத்தி சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த நேரத்தில் கடையில் இருந்த அத்தனை பேரின் கார்ட்டும் போய்விடும். செஷனைத் தனியே வைத்திருக்கும் ரெடிஸ் என்ற சேமிப்பகத்தை நிறுவினால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை. ஆனால் நிறுவ வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

இதற்குப் பின்னால் இருக்கும் வேறுபாடு பெரியது. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட காலத்திலிருந்தே பிஎச்பியின் பழக்கம் ஒன்றுதான்: கோரிக்கை வந்தால் உன் நிரல் வெறும் கையோடு தொடங்கும், பக்கத்தைக் கொடுத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். நோட் அப்படியல்ல. 2009-ல் ரயன் டால் அதை உருவாக்கியபோதே ஒரே ப்ராசஸ் நாள் முழுக்க விழித்திருந்து எல்லோருக்கும் பதில் சொல்வதுதான் அமைப்பு.

இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். பல வருடம் பிஎச்பி எழுதிய கையோடு நோட்டுக்கு மாறி, கூப்பன் தள்ளுபடியை ஃபைலின் மேலே ஒரு வேரியபிளில் வைத்தேன். என் லேப்டாப்பில் அருமையாக வேலை செய்தது. ஏன் செய்யாது, அங்கே வாடிக்கையாளர் நான் ஒருவன்தானே. கடை திறந்த அன்று சாயங்காலம் ஒருவர் கூப்பன் போட, அடுத்த நொடி செக்அவுட்டுக்கு வந்த இன்னொருவருக்கும் 150 ரூபாய் குறைந்தது. அவர் ஏன் புகார் சொல்லப் போகிறார்? இரவு கணக்கு பார்த்தபோதுதான் தெரிந்தது. பிஎச்பியில் இதே தவறைச் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பக்கம் முடிந்ததும் அந்த வேரியபிளும் முடிந்திருக்கும். ஜாங்கோவும் மெமரியில் தங்கும் ரகம்தான், இந்த ஆபத்து அங்கேயும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ரிக்வெஸ்ட் என்ற பொருளோடு சேர்த்தே கையாள அது பழக்குவதால் இந்தப் பள்ளத்தில் விழுபவர்கள் குறைவு.

பைசா கணக்கு

கடலைமிட்டாய் பாக்கெட் 19.99 ரூபாய். ரேசர்பே போன்ற பேமெண்ட் கேட்வேக்கள் (பணத்தை வசூலித்துத் தரும் சேவைகள்) தொகையைப் பைசாவில் கேட்கும், ஆகவே நூறால் பெருக்க வேண்டும். 1999 வரும் என்றுதானே நினைப்போம்? தசம எண்ணைச் சாதாரணமாக வைத்துப் பெருக்கினால் கம்ப்யூட்டருக்கு வருவது 1998.9999999999998. அதை முழு எண்ணாக வெட்டினால் 1998. பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் மூன்றிலும் இதே கதைதான், ஏனென்றால் மூன்றும் பின்னத்தை பைனரியில் வைக்கின்றன. ஒரு பைசாதானே என்று விட முடியாது. கேட்வேயின் கணக்கும் உங்கள் பில்லும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆடிட்டருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இங்கே ஜாங்கோ தெளிவாக முன்னால் நிற்கிறது. விலைக்கு டெசிமல் ஃபீல்டு என்று கொடுத்தால் டேட்டாபேஸிலிருந்து பைத்தான் வரை டெசிமலாகவே வரும். யாராவது மறந்துபோய் சாதாரண தசம எண்ணை அதோடு கூட்டினால் சத்தமாக எரர் அடித்து நிற்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். பிஎச்பி இதற்கு நேரெதிர். டேட்டாபேஸிலிருந்து "499.00" என்று எழுத்தாக வந்ததைக் கூட்டல் குறி போட்டதும் சத்தமில்லாமல் பின்ன எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும்; பெரும்பாலும் சரியாக இருக்கும், அந்தப் 'பெரும்பாலும்'தான் பிரச்சினை. நோட்டில் வேடிக்கை இன்னும் கூடுதல். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ்களோடும் நோட்டை இணைக்கும் டிரைவர்கள் டெசிமலை எழுத்தாகத்தான் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். புடவை "499.00", கூரியர் "40.00", மொத்தம் "499.0040.00". இதுவாவது பார்த்தவுடன் பல்லிளிக்கும். நோட்டிலும் பிஎச்பியிலும் நான் இப்போது எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாகவே சேமிக்கிறேன். திரையில் காட்டும்போது மட்டும் ரூபாய்.

கடைசிப் புடவை

ஸ்டாக்கில் ஒன்றே ஒன்று. இரண்டு பேர் ஒரே நொடியில் வாங்குகிறார்கள். முதல் கோரிக்கை ஸ்டாக்கைப் படிக்கிறது: 1. இரண்டாவதும் படிக்கிறது: 1. இருவருக்கும் ஆர்டர் உறுதி, ஒருவருக்குத்தான் புடவை. நோட் ஒற்றை த்ரெட்தானே (ஒரு நேரத்தில் ஒரே வேலை), அங்கே இது நடக்காது என்று அடித்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே நடக்கும். டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் நோட் அடுத்தவரின் கோரிக்கையை எடுத்துவிடும். அந்த இடைவெளிதான் ஓட்டை.

மருந்து மூன்றிலும் ஒன்றே. படித்துப் பார்த்துவிட்டு எழுதாமல், 'ஸ்டாக் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் கழி' என்று ஒரே கட்டளையாக டேட்டாபேஸிடம் கொடுத்துவிட்டு, எத்தனை வரிசை மாறியது என்று கேட்பது. 1 என்றால் புடவை இவருக்கு. 0 என்றால் வருத்தம் தெரிவிக்கும் பக்கம். லாரவெலிலும் ஜாங்கோவிலும் இது ஒரு வரி. நோட்டில் டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லை நேரடியாக எழுதினாலும் ஒரு வரிதான். ஆக இந்தச் சுற்றில் யாருக்கும் மதிப்பெண் இல்லை, வேலையைச் செய்வது டேட்டாபேஸ்.

வெப்ஹுக்

வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் கட்டிவிட்டு பிரவுசரை மூடிவிடுகிறார். உங்கள் 'நன்றி' பக்கம் திறக்கவே இல்லை. பணம் வந்த செய்தியை கேட்வேயின் சர்வர் நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும், அதுதான் வெப்ஹுக். புதிதாக எழுதுபவர்கள் 'நன்றி' பக்கத்தை நம்பி ஆர்டரை உறுதி செய்துவிட்டு, வெப்ஹுக்கைக் கடைசி நாளில்தான் தொடுவார்கள். அன்று மூன்றும் மூன்று விதமாக முகத்தைக் காட்டும். ஜாங்கோ 403 என்று விரட்டும், லாரவெல் 419 என்று விரட்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: போலிப் படிவங்களைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் காவல், கேட்வேயையும் போலி என்று நினைத்துக்கொள்கிறது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும், மொத்தக் காவலையும் கழற்றி வீசக் கூடாது.

எக்ஸ்பிரஸ் விரட்டாது, உள்ளே விடும். ஆனால் கையொப்பச் சரிபார்ப்பு தோற்கும். கேட்வே தன் ரகசியச் சாவியால் செய்தியின் ஒவ்வொரு எழுத்துக்கும் சேர்த்து முத்திரை குத்தி அனுப்புகிறது. எக்ஸ்பிரஸில் வழக்கமாகப் போடும் ஜேசன் பார்சர் (செய்தியைப் படித்துத் தகவலாக்கும் கருவி) அந்தச் செய்தியைப் பிரித்து மேய்ந்துவிடும். அதை மறுபடி ஒட்டி முத்திரையை ஒப்பிட்டால், ஒரு இடைவெளி மாறியிருந்தாலும் பொருந்தாது. வந்தது வந்தபடி, பிரிக்காத செய்தியைப் பிடித்து வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு இரவு ஆனது. கடைசியில் வெறுத்துப்போய்ச் சரிபார்ப்பையே எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எடுத்திருந்தால், அந்த முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் 'பணம் வந்துவிட்டது' என்று சொல்லிப் புடவையை வாங்கியிருக்கலாம்.

அப்புறம், வெப்ஹுக் இரண்டு முறை வரும். உங்கள் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் கேட்வே மறுபடி அனுப்பும். டேபிளில் பேமெண்ட் எண் உள்ள நெடுவரிசைக்கு, ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்ற யூனிக் கட்டுப்பாடு போட்டுவிட்டால் இரண்டாவது செய்தியை டேட்டாபேஸே தடுத்துவிடும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரம் இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் வேலைக்கு, அதாவது டெலிவரி எங்கே வருகிறது என்று நேரலையாகக் காட்டுவதற்கு, நோட் பிறவியிலேயே பொருத்தம். அதே நோட்டில் பில் பிடிஎஃப்பை மெயின் த்ரெட்டிலேயே உருவாக்கினால், அது முடியும்வரை கடையே மூச்சுவிடாது. பிஎச்பியின் நோய் வேறு: இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள். 2015-ல் பிஎச்பி 7 வந்தபோதே நீக்கப்பட்ட மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை வைத்து, வாடிக்கையாளர் தட்டச்சு செய்ததை அப்படியே குவெரியில் ஒட்டச் சொல்லித் தரும் பக்கங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஜாங்கோவின் அட்மின் பக்கம் தனிச் சொத்து; விலை மாற்ற, படம் ஏற்ற, ஆர்டர் பார்க்கக் கடை ஊழியருக்கு முதல் நாளே ஒரு திரை கிடைத்துவிடும். 2003-ல் கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் உருவான ஃப்ரேம்வொர்க் அது. நிரல் தெரியாதவர்கள் தினமும் தகவல் ஏற்றும் இடத்தில் வளர்ந்ததன் வாசனை அதில் இருக்கிறது. ஜாவா ஸ்பிரிங்கும் ரூபி ஆன் ரெயில்ஸும் (ஷாப்பிஃபை வளர்ந்தது ரெயில்ஸில்தான்) நல்லவை, ஆனால் சின்னக் கடைக்கு அவற்றில் ஆள் தேடுவதே தனி வேலை.

ஐம்பது பொருள், விசேஷ விதி எதுவும் இல்லை என்றால் எதையும் எழுத வேண்டாம், வேர்ட்பிரஸில் ஆயத்தமாகக் கிடைக்கும் வூகாமர்ஸ் போதும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் என் கை முதலில் ஜாங்கோவுக்குப் போகும், காரணம் பைசா கணக்கும் அட்மினும். நேரலை டிராக்கிங் வேண்டும், கூட இருப்பவர்கள் எல்லோரும் ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் என்றால் நோட். அதிலும் ரெடிஸை முதல் நாளே போட்டுவிடுவேன்.

ஆனாலும் கடைசியாகச் செய்து கொடுத்த கடைக்கு லாரவெல்தான் எழுதினேன். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும், பிஎச்பிக்கே வசதியான ஷேர்டு ஹோஸ்டிங்கை மூன்று வருடத்துக்கு முன்பணம் கட்டி வாங்கியிருந்தார் கடைக்காரர். "தம்பி, அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா எங்க அக்கா பையன் பாத்துக்குவான், அவனுக்கு பிஎச்பி தெரியும்" என்றார். செஷன் ஆயுளை 14 நாளாக்கி, விலையெல்லாம் பைசாவுக்கு மாற்றி, அக்கா பையனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.